மேல்வீட்டு அக்காவின் மீதிப் பாதி

மேல்வீட்டு அக்காவிடம் போய் யாரும் எதைப் பற்றியும் சும்மா புலம்பிவிட்டு வந்துவிட முடியாது. இட்லி மாவு புளித்துவிட்டது, பையனுக்கு மார்க் குறைந்துவிட்டது, நாத்தனார் முகம் கொடுத்துப் பேசவில்லை, எதைச் சொன்னாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"இது பாதிதானட்டி. மீதிப் பாதி எங்க?"

என் தங்கையின் கல்யாணம் முந்தின நாள் மத்தியானம் நின்றுபோகப் பார்த்தது. நிற்காமல் நடந்ததற்கு அக்காதான் காரணம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அக்கா எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் அந்தக் கதையைச் சொன்னால் அதுவும் பாதிக் கதை ஆகிவிடும், அவள் எங்கிருந்தாலும் கேட்டு வந்து நிற்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் செங்கல்பட்டிலிருந்து கல்யாணமாகி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குடியிருப்புக்கு வந்தேன். என் கணவருக்கு அங்கே ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருந்தவள்தான் அக்கா. திருநெல்வேலிப் பக்கம். தனி ஆள். அதே அலுவலகத்தில் உலோகம் எப்படி அரித்துப் போகிறது என்று ஆராய்கிற கூடத்தில் வேலை. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட நூல் புடவை, காலில் ரப்பர் செருப்பு. ஆய்வுக்கூடத்தில் போடுகிற கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு மறந்துபோய் அப்படியே காய்கறி வாங்க வந்துவிடுவாள். கத்தரிக்காய்க்காரர் அவளை ரொம்ப நாள் கண் டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முதல் பேச்சே துருவில்தான் ஆரம்பித்தது. அப்பா சீராகக் கொடுத்த இரும்பு பீரோ, முதல் மழைக்காலம் முடிவதற்குள் காலெல்லாம் துரு பிடித்துச் செதில் செதிலாக உதிர ஆரம்பித்துவிட்டது. மாடிப்படியில் நின்று யாரிடமோ அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்துகொண்டிருந்த அக்கா நின்றாள்.

"துரு பிடிச்சிட்டுன்னு சொல்லுதே. இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்திட்டு, சரி. அது பாதி. வாங்கினது யாரு?"

எனக்கு எலக்ட்ரான் என்றால் பத்தாம் வகுப்போடு முடிந்த சங்கதி. திருட்டு விசாரணை போல இருக்கவே, "நாங்க யார்கிட்டயும் எதையும் கொடுக்கலையேக்கா" என்றேன்.

"ஆக்ஸிஜன் பிள்ளே. காத்துல ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது பாரு, அதுதான் வாங்குது. நடுவுல உப்புத் தண்ணி தரகர் வேலை பாக்குது. தரகர் சுறுசுறுப்பா இருந்தா கல்யாணம் சீக்கிரம் முடியும்லா? கடலோரத்துல தரகருக்குப் பஞ்சமே கிடையாது. அதான் உன் பீரோ சீக்கிரமா போவுது."

பீரோ போவதைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகப் பேசிய ஒரு ஜீவனை நான் அதுவரை பார்த்ததில்லை. எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளோடும் பெயிண்டு டப்பாவோடும் வந்து, பீரோவின் காலைத் தானே தேய்த்துப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனாள். போகிற போக்கில், தோட்டத்துக்கு நாங்கள் தண்ணீர் பிடித்து வைக்கிற இரும்பு டிரம்மைப் பார்த்தாள். மறுநாள் ஒரு துத்தநாகத் துண்டைக் கொண்டுவந்து கம்பியில் கட்டி டிரம்மோடு சேர்த்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். இரும்பைவிடத் துத்தநாகத்துக்குக் கொடுக்கிற கை தாராளமாம். அது பக்கத்தில் இருக்கிறவரை இரும்பு தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லையாம். நிஜமாகவே, சில மாதங்களில் அந்தத் துண்டு எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது, டிரம் கல்லு மாதிரி நின்றது. "பாவம்க்கா அது" என்றால், "என்ன பாவம்? அது தீர்ந்தா இன்னொண்ணு கட்டுவேன்" என்பாள். எங்கள் வரிசையில் டிரம் வைத்திருந்த எல்லார் வீட்டிலும் அவள் கட்டிய துண்டு தொங்கியது.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர்களுக்கும் எண் கொடுக்க ஆரம்பித்தாள். ஆக்ஸிஜனேற்ற எண் என்று ஒன்று இருக்கிறது. ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுத்திருந்தால் பிளஸ், வாங்கியிருந்தால் மைனஸ், வேறெதோடும் சேராமல் தானாக இருந்தால் பூஜ்யம். அக்கா சொல்லிச் சொல்லி இது குடியிருப்பில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். ஜாதகம் கேட்கிற மாதிரி, "எனக்கு என்ன நம்பர்க்கா?" என்று சாயங்காலம் பால் பூத் பக்கத்தில் அவளைச் சுற்றி நிற்போம்.

என் கணவர் பூஜ்யம். "பேப்பரை விரிச்சிட்டார்னா மனுஷன் யாரோடயும் சேரமாட்டார், சுத்தமான தனிமம்." அதில் 'சுத்தமான' என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் விழுந்து, அலுவலகத்தில் ஒரு வாரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் காபித்தூளோ சர்க்கரையோ கைமாற்றாக வாங்காமல் திரும்பாத ஒரு பெண்மணிக்கு மைனஸ் இரண்டு, அதாவது ஆக்ஸிஜன். அவள் கோபித்துக்கொண்டு, தான் போன தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் லட்டு கொடுத்ததைச் சொல்லி மைனஸ் ஒன்றாகவாவது ஆக்கச் சொல்லி மன்றாடினாள். அக்கா யோசித்துவிட்டு, "சரி, பெராக்ஸைடுல அப்படி உண்டு" என்று அனுமதித்தாள்.

நான் இரும்பு. "நீ ரெண்டுலயும் இருப்பே, மூணுலயும் இருப்பே. லேசா காத்துப் பட்டா போதும், ரெண்டுல இருக்கவ மூணுக்கு ஏறிருவே" என்றாள். முன்கோபக்காரி என்று இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் சொன்னதில்லை.

இருக்கிற நம்பரிலேயே மோசமானது ஏழு. கிணற்றில் போடுகிற கத்திரிப்பூ நிற மருந்து இருக்கிறதே, பெர்மாங்கனேட், அதற்குள் இருக்கிற மாங்கனீஸ்தான் ஏழு. "ஏழையும் விட்டுக்கொடுத்திட்டு, இனி எவன்கிட்ட பிடுங்கலாம்னு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்கும். பிடுங்கித் தின்னு ரெண்டுக்கு இறங்கிட்டுன்னா அந்த நிறமே போயிரும், பச்சத்தண்ணி மாதிரி ஆயிரும்." அவளுடைய மேலதிகாரிக்கு அந்த எண்ணைக் கொடுத்திருந்தாள்.

"உங்களுக்கு என்ன நம்பர்க்கா?"

"எனக்கு நம்பரே கிடையாது. நான் ஹீலியம். யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன், யார்கிட்டயும் வாங்கவும் மாட்டேன்."

ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கும் அதுதான் பதில். எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் சொல்கிற பேச்சா இது? அக்கா அதுவரை சொன்ன ரசாயனத்தில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் சுத்தப் பொய்.

அவளுடைய மீதிப் பாதிக்குப் பயந்து அவளைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறவர்களும் இருந்தார்கள். எதிர் பிளாக்கில் ஒருத்தி, தன் வீட்டுக்காரர் வரவரப் பேசுவதே இல்லை என்று கண்ணைக் கசக்கினாள். எல்லாரும் உச்சுக்கொட்டினோம். அக்கா மட்டும், "அவர் பேச்சு குறைஞ்சிட்டு, சரி. குறைஞ்சது எங்கயும் போயிருக்காதே. யார் பேச்சு ஏறிச்சு?" என்றாள். அந்தப் பெண் பத்து நாள் அக்காவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு நாள் தானாக வந்து, "நான் கொஞ்சம் வாயை மூடினா அது ஏதோ ரெண்டு வார்த்தை பேசுதுக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஓர் இடத்தில் ஒன்று இறங்கியிருந்தால் வேறோர் இடத்தில் ஒன்று ஏறியிருக்க வேண்டும், இரண்டையும் எழுதினால்தான் அது சமன்பாடு, ஒன்றை மட்டும் எழுதினால் வெறும் அழுகை. அக்காவின் மொத்த வேதாந்தமும் இவ்வளவுதான்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

தங்கைக்குப் படாளத்தில் வரன் அமைந்தது. நிலபுலம் உள்ள குடும்பம், மாப்பிள்ளைக்கு லாரி கம்பெனி ஒன்றில் மேற்பார்வை வேலை. மாப்பிள்ளையின் அம்மாவை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிட்டோம். அத்தை ஓங்கிய குரல், ஓங்கிய உருவம். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தங்கை அந்த வீட்டில்தான் போய் வாழ வேண்டும், அதனால் அத்தையின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதே அம்மாவுக்கு முழுநேர வேலையாக இருந்தது.

எங்கள் அப்பா சீருக்கு வெள்ளிச் சாமான் வாங்கியிருந்தார். ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், ஒரு பெரிய தட்டு. நிச்சயதார்த்தம் முடிந்ததும் அத்தை, "பேரு வெட்டணும்மா. மதுராந்தகத்துல எனக்குத் தெரிஞ்ச ஆசாரி கீறாரு. குடுங்க, நானே வெட்டியாந்துடறேன். மண்டபத்துக்கு வரும்போது எடுத்தாறேன்" என்றார். மறுப்பதா? மொத்தத்தையும் கொடுத்தனுப்பினோம்.

செங்கல்பட்டில் மண்டபம். முந்தின நாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். சாயங்காலம் வரவேற்பு, மேடைப் பக்கத்தில் சீர்வரிசை பரப்பி வைக்க வேண்டும். அத்தை கத்திரிப்பூ நிறப் பட்டுப் புடவையில் ஜம்மென்று வந்து, ஒரு பெரிய பையை மேடை மேல் வைத்தார். உள்ளே ஒவ்வொரு சாமானும் பழைய வேட்டித் துணியில் பொட்டலம் பொட்டலமாக இருந்தது. ஓரகத்தி ஒருத்தி பிரித்துக் கொடுக்க, அத்தை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினார்.

அத்தனையும் கருத்துப் போயிருந்தது. சும்மா மங்கல் இல்லை. சொம்பின் கழுத்தில் கறுப்பு வளையங்கள், தட்டின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், விளக்குத் தண்டில் அடுக்கடுக்காகப் பட்டைகள்.

அத்தையின் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. "இன்னா இது? வெள்ளின்னு சொல்லி இன்னாத்தக் குடுத்தீங்க எங்களுக்கு?"

அம்மாவுக்கு வாய் குழறியது. என் சித்தப்பாவுக்குக் குழறவில்லை, அதுதான் வினை. "நாங்க குடுத்தது அசல் வெள்ளி. ஒரு மாசம் உங்க வீட்டுல இருந்துச்சே, நடுவுல மாத்தினது யாருன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அவ்வளவுதான். மண்டபமே இரண்டாகப் பிரிந்துகொண்டது. அந்தப் பக்கம் "ஈயத்தக் குடுத்து ஏமாத்திட்டானுங்க", இந்தப் பக்கம் "அசலை அமுக்கிட்டுப் போலியைக் கொண்டாந்துட்டாங்க". மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "வேன எடுக்கச் சொல்லுப்பா, கெளம்பலாம்" என்றே சொல்லிவிட்டார். மணமகள் அறையில் தங்கை பாதி பின்னிய சடையோடு எழுந்து நின்றுகொண்டு, "அக்கா, நின்னுடுமாக்கா?" என்றாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. அவளை உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அப்போதுதான் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் பரிசுப் பொட்டலத்தோடு மேல்வீட்டு அக்கா மண்டபத்துக்குள் நுழைந்தாள். நெற்றிக்கு மேல் அந்தக் கண்ணாடி. நான் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பக்கத்தையும்தான் சொன்னேன், பயத்தில்.

அக்கா மேடைக்குப் போய் தட்டைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். திருப்பிப் பார்த்தாள். சொம்பைத் தூக்கிக் கழுத்து வளையத்தைப் பார்த்தாள். அப்புறம் சாமான் வந்த பைக்குள் எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அத்தையைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

இனி அந்தக் கேள்வி வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அசல் வெள்ளி" என்றாள் அக்கா, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "வெள்ளின்னாதான் இப்படிக் கருக்கும். காத்துல கந்தகம் இருக்கு. அதுக்கு வெள்ளியைக் கண்டா விடாது. ஒட்டிக்கிட்டு, கறுப்பாக்கிட்டு. யார் மேலயும் தப்புக் கிடையாது. காத்து பண்ணின வேலை."

எனக்கு நம்ப முடியவில்லை. காற்றாம்! பொறுக்க முடியாமல், "ஏன்க்கா, காத்து என்ன வளையம் வளையமாவா அடிக்கும்?" என்று ஆரம்பித்தேன். புடவை மறைவில் என் கால்விரல் மேல் ரப்பர் செருப்பு ஒன்று நன்றாக ஏறி நின்றது.

"சம்பந்தியம்மா, நீங்க என்கூட சமையல்கட்டுக்கு வாங்க. உங்க கண்ணு முன்னாலயே இதைப் பழையபடி ஆக்கித் தாரேன். ஈயம்னா ஆகாது, வெள்ளின்னா ஆகும். வேற யாரும் வரவேண்டாம். நீங்க பாத்தா போதும்."

அத்தை சந்தேகத்தோடுதான் எழுந்தார். சாமானைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். சமையற்காரரிடம் அக்கா கேட்டது அவருடைய பெரிய அலுமினிய இட்லிக் கொப்பரையை. அவர் கரண்டியோடு குறுக்கே நின்றார்.

"யக்கா, இன்னா யக்கா நீ. காலைல நாஸ்தாவுக்கு அதுலதான் இட்லி ஊத்தணும். அதுல போயி விளக்கத் தூக்கிப் போடறேன்றியே!"

"தம்பி, இந்தக் கல்யாணம் நின்னா உன் இட்லியை யாரு திம்பா?"

அவர் யோசித்தார். கொப்பரை வந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், கை நிறைய உப்பு, கை நிறைய ஆப்ப சோடா. சாமான் எல்லாம் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சாய்த்துச் சாய்த்து வைத்தாள். தண்ணீர் நுரைத்தது. வந்தது பாருங்கள் ஒரு நாற்றம், அழுகின முட்டை நாற்றம்! வெளியே கூடத்தில் யாரோ, "சாம்பார் ஊசிப் போச்சா?" என்று கேட்க, சமையற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"வெள்ளி கொடுத்ததைக் கந்தகம் பிடிச்சு வெச்சிருக்கு. இப்ப அலுமினியம் தன் கையிலேருந்து கொடுத்து, வெள்ளியைப் பழையபடி ஆக்குது" என்றாள் அக்கா. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். சொம்பின் கழுத்தில் கறுப்பு மெல்ல மெல்ல விலகி, வெள்ளை தெரிய ஆரம்பித்தது. "யம்மா!" என்றார் அத்தை.

அந்த நேரம் பார்த்து அக்கா என்னை, "சோடா பத்தாது பிள்ளே, கடைக்கு ஓடிப்போய் வாங்கிட்டு வா" என்று விரட்டினாள். ஓடினேன். கடைத்தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கிக்கொண்டு வந்தால், சாமான் எல்லாம் துடைத்துப் பளபளவென்று வாழையிலை மேல் இருக்கிறது. இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடை மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். "சோடா எதுக்கு? இருந்ததே பத்திச்சு" என்றாள் அக்கா. அத்தையின் கண் கொஞ்சம் சிவந்திருந்தது. நாற்றத்தினால் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையே தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தார். சித்தப்பாவைப் பார்த்து, "கோவத்துல ஏதோ பேசிகினோம், வுடுங்க. வெள்ளி நல்ல வெள்ளிதான்" என்றார். மறுநாள் காலை முகூர்த்தம் நடந்தது. கொப்பரை கறுத்துப் போனதற்காகச் சமையற்காரர் அக்காவை விட்டு அரைமணி நேரம் புளி போட்டுத் தேய்க்க வைத்தார். அவளும் தேய்த்தாள்.

திரும்பிப் போகிற பஸ்ஸிலேயே பிடித்துக்கொண்டேன். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. என்னதான் நடந்துச்சு?"

"காத்துதான்."

"படாளத்துல ஏது அவ்வளவு காத்து?"

"ஏட்டி, சில சமன்பாட்டைச் சமன் பண்ணிட்டு, போர்டை அழிச்சிரணும்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு பாதியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. வேறு வழியாகப் போனேன். "போகட்டும், எங்க அத்தைக்கு என்ன நம்பர்?"

அக்கா சிரித்துவிட்டாள். "மத்தியானம் ஏழு. புடவையே சொல்லிச்சே. சாயங்காலம் ரெண்டு."

அதற்கப்புறமும் பல தடவை கேட்டிருக்கிறேன். காத்து, காத்து, காத்து. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊரோடு போய்விட்டாள். கொஞ்ச நாள் போனில் பேசினோம். செல்போன் வந்தது, எல்லார் நம்பரும் மாறியது. அவள் நம்பர் வேறு யாருக்கோ போயிருந்தது. எடுத்த ஆள், "ராங் நம்பர்" என்றார். ஊரிலும் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. எங்கள் டிரம்முக்குள் இருந்த துத்தநாகம் தீர்ந்தது. புதிதாகக் கட்ட ஆள் இல்லை. டிரம் அடியில் ஓட்டை விழுந்தபோது பழைய இரும்புக்காரனுக்குப் போட்டேன். போட்டுவிட்டு உள்ளே வந்து அழுதேன். டிரம்முக்காக இல்லை.

இது நடந்து சில வருஷம் கழித்து, தங்கைக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டுப் படாளத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இருட்டினபின் வீடு திரும்புவாள். ஒரு நாள் போனில் ஒரே அழுகை. "அத்தை என்னை இனிமே இங்க இருந்து வேலைக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்கக்கா."

எனக்குக் காற்றுப் பட்டுவிட்டது. மூன்றுக்கு ஏறிவிட்டேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் படாளத்தில் போய் இறங்கினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே அந்த முட்டை நாற்றம். பொங்கல் வருகிறதென்று அத்தை அடுப்பில் அலுமினியச் சட்டி வைத்து வெள்ளிச் சாமானைப் போட்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கொட்டித் தீர்த்தேன். படித்த பெண், கிடைத்த வேலை, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மாமியாரா. அத்தை சொம்பை இடுக்கியால் திருப்பி வைத்தார். நான் மூச்சு வாங்கியதும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"நீ சொன்னது பாதி. மீதிப் பாதி எங்க கீது?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இங்கருந்து போவாதேன்னேன், மெய்தான். வேலைய வுடுன்னா சொன்னேன்? தட்டுல கைய வெச்சிகினே தூங்குது அந்தப் பொண்ணு. சிறுசேரி பக்கத்துலயே வூடு பாருங்க, நான் கூட வந்து புள்ளையப் பாத்துக்கறேன்னேன். அதக் காதுல வாங்காமயே ரூமுக்குள்ள போயி அழுதுகினு கீது. இப்ப சொல்லு, யாரு மேல தப்பு?"

"அத்தை, இந்த மீதிப் பாதி உங்களுக்கு..."

"உங்க மேல்வூட்டம்மாதான். கல்யாணத்தன்னிக்கு, உன்ன சோடா வாங்க அனுப்பிச்சிதே, அப்போ." சுவரில் அடித்திருந்த ஆணியைக் காட்டினார். "இங்க தொங்கும் அப்பல்லாம், ரப்பர் பேண்டு, கொத்துக் கொத்தா. வாங்கற பொட்டலத்துலருந்து எடுத்து மாட்டி வெப்பேன். உங்க வெள்ளில ஒரு கீறல் வுழக்கூடாதேன்னு, ஒண்ணொண்ணையும் துணி சுத்தி, மேல நாலு ரப்பர் பேண்டு இறுக்கிப் போட்டு, ஒரு மாசம் பொட்டிக்குள்ள வெச்சேன். அந்த ரப்பர்லதான் கந்தகம் கீதாம். துணிய மீறி ஏறிகிச்சாம். கருக்க வெச்சது நான்தான். என் கையால."

வளையங்கள், பட்டைகள், கோடுகள் எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன.

"அந்தம்மா பையப் பாத்தவொடனே கண்டுபுட்ச்சிச்சி, உள்ள அறுந்த ரப்பருங்கோ கெடந்துது. ஆனா சபைல காத்துன்னு சொல்லிச்சி. கதவச் சாத்திட்டு எனக்கு மட்டும் மீதிய சொல்லிச்சி. 'பத்திரமா வெக்கணும்னுதான் வெச்சீங்க, அதனாலதான் ஆச்சு'ன்னிச்சி. நான் அழுதுட்டேன்." அத்தை குரல் கொஞ்சம் இறங்கியது. "அத்தினி பேரு முன்னாடி சொல்லியிருந்திச்சின்னா கல்யாணம் நடந்திருக்கும், செரி. ஆனா உன் தங்கச்சி மூஞ்சப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மானக்கேடுதான் ஞாபகம் வந்திருக்கும். அத வெச்சிகினு நான் அந்தப் பொண்ண வாழ வுட்டிருப்பேன்ற?"

சட்டியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

"அந்தம்மா இப்ப எங்க கீது?" என்றார் அத்தை.

"தெரியல அத்தை. ஊரு மாறிட்டாங்க, நம்பரும் இல்ல. அவங்களைத் தொலைச்சிட்டோம்."

"நீ தொலைச்சிட்ட, செரி. அது பாதி." அத்தை சொம்பை எடுத்துத் தண்ணீரை வடித்தார். "எனக்குக் கெடச்சிச்சி இல்ல? இந்தா, புடி. தொடைச்சி வை."